பைக்கில் உடைந்த பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, திருவாரூர் பக்கங்களிலிருந்து பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். சைடு பேனல் பிளந்துவிட்டது, ஹெட்லைட்டைச் சுற்றிய டூம் உடைந்துவிட்டது, மட்கார்டு கிழிந்துவிட்டது, என்ன போட்டு ஒட்டலாம்? எல்லோரும் முதலில் கேட்பது பசையின் பெயர். அது எந்தப் பிளாஸ்டிக், எதனால் உடைந்தது என்ற இரண்டும் தெரியாமல் அந்தப் பெயரை யாராலும் சொல்ல முடியாது. நல்ல பேனல்கள் தவறான பசையால் பாழாகிக் குப்பைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே கூடியவரை எழுதியிருக்கிறேன். முதல் இரண்டைப் படிக்காமல் மற்றவற்றுக்குப் போக வேண்டாம்.

“பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக்தானே அண்ணே, அதில் என்ன வகை?”

ஒரே பைக்கில் நான்கைந்து வகை இருக்கும். பெயிண்ட் அடித்த சைடு பேனல், ஹெட்லைட் டூம், சீட்டுக்குப் பின்னால் வரும் டெயில் பேனல், டேங்குக்கு இரு பக்கமும் உள்ள உறை ஆகியவை பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற வகைப் பிளாஸ்டிக். பிரேக்கில் சொல்லும் ஏபிஎஸ் வேறு. பெயிண்ட் அடிக்காத கறுப்பு மட்கார்டு, பின் சக்கரத்துக்கு மேலே சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் உள் மட்கார்டு, பேட்டரிப் பெட்டி, ஏர் ஃபில்டர் பெட்டி ஆகியவை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அதைச் சுருக்கமாக பிபி என்பார்கள். ஹெட்லைட்டின் முன் கண்ணாடி இப்போது பல வண்டிகளில் பாலிகார்பனேட். டெயில் லைட் மூடி பெரும்பாலும் அக்ரிலிக். சில சிறிய தாங்கிகளும் கிளிப்புகளும் நைலான்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், ஏபிஎஸ் அசிட்டோன் என்ற கரைப்பானில் கரையும். கரைவதால் உடைந்த இரு விளிம்புகளையும் மறுபடி ஒரே பொருளாக்க முடியும். பிபி சாதாரண வெப்பத்தில் எந்தக் கரைப்பானுக்கும் அசையாது, பசையும் அதன் மேல் பிடிக்காது. அதற்கு வெப்பம் வேண்டும் அல்லது தையல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

“என் வண்டியில் இருப்பது எந்த வகை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?”

பாகத்தைக் கழற்றி உட்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். கம்பெனி பாகமாக இருந்தால் இரண்டு அம்புமுனைகளுக்கு நடுவே ஏபிஎஸ், பிபி, பிசி, பிஏ என்று ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். பிசி என்றால் பாலிகார்பனேட், பிஏ என்றால் நைலான். பிஏ6-ஜிஎஃப்30 என்று இருந்தால் 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் என்று பொருள். பிபி-டி20 என்றால் 20 சதவீதம் டால்க் என்ற கனிமத் தூள் கலந்த பாலிப்ரொப்பிலீன். இந்த எழுத்து கிடைத்துவிட்டால் வேறு சோதனை தேவையில்லை.

எழுத்து இல்லாவிட்டால், உட்பக்கத்திலிருந்து ஒரு சிறு சீவலை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ்ஸாக இருக்கலாம். “இருக்கலாம்” என்பதற்குக் காரணம், டால்க் கலந்த பிபியும் மூழ்கும். அதனால் அடுத்ததாக ஒரு சொட்டு அசிட்டோனை உட்பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஏபிஎஸ். ஒன்றுமே நடக்காமல் காய்ந்துபோனால் பெரும்பாலும் பிபி. இந்தச் சோதனையை ஹெட்லைட் கண்ணாடியில் செய்யவே கூடாது, வெளுத்து நுண்விரிசல் விட்டுவிடும்.

எரித்துப் பார்க்கும் பழக்கமும் உண்டு. ஏபிஎஸ் மஞ்சள் சுடரோடு எரிந்து, அடர்ந்த கரும்புகையும் கரித்தூளும் விடும். பிபி அதிகப் புகையில்லாமல் எரிந்து சொட்டும், அணைத்ததும் மெழுகுவர்த்தி வாசனை வரும். நைலானில் முடி கருகும் நாற்றம் வரும். செய்வதானால் அரிசி அளவுத் துண்டை இடுக்கியில் பிடித்து, வண்டியிலிருந்து தள்ளி, திறந்தவெளியில் செய்யுங்கள். முகத்தை அருகே கொண்டுபோய் முகர வேண்டாம்.

“பெவிக்விக் போட்டு ஒட்டினேன், நன்றாகத்தான் பிடித்தது. மறுநாள் வண்டி ஓட்டியதும் விட்டுவிட்டது. ஏன்?”

அந்த வகைப் பசை சயனோஅக்ரிலேட். நொடியில் இறுகும், இழுத்தால் தாங்கும். ஆனால் இறுகியபின் வளையாது. பைக்கின் பேனலோ இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. வளைகிற பேனலுக்கு நடுவே வளையாத ஒரு கோடு இருந்தால், உடைப்பு அந்தக் கோட்டில்தான் திரும்பத் தொடங்கும். பிபி பாகமாக இருந்தால் அதிர்வுகூட வேண்டாம், நகத்தால் நெம்பினாலே உரிந்துவரும்.

அதை நான் வேறொரு வேலைக்கு வைத்திருக்கிறேன். பெரிய ஒட்டு வேலைக்கு முன் இரு துண்டுகளையும் சரியாகப் பொருத்தி அசையாமல் நிறுத்த அங்கங்கே ஒரு புள்ளி வைத்தால் போதும்.

“அதன் மேல் சமையல் சோடா தூவினால் கல் போல ஆகிவிடுகிறதே?”

ஆகிவிடும். சோடா பட்டதும் பசை உடனே இறுகி, சிறு பள்ளத்தை நிரப்பும். அதிர்வில்லாத இடத்தில், உதாரணமாக ஒரு ஸ்டிக்கருக்கு அடியில் உள்ள சிறு குழிக்கு, நல்லதுதான். விரிசலுக்கு அது பயன்படாது. காரணம் மேலே சொன்னதுதான், கல் அதிர்வைத் தாங்காது.

“சரி, ஏபிஎஸ் பேனலில் விரிசல் என்றால் முறையாக ஒட்டுவது எப்படி?”

இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வருகிற வேலையில் பெரும்பகுதி இதுதான். பேனலைக் கழற்றுங்கள். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். பாலிஷ் எண்ணெய் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் ஒட்டு பிடிக்காது. விரிசல் எங்கே முடிகிறதோ, சரியாக அந்த முனையில் 2 மில்லிமீட்டர் டிரில்லால் ஒரு துளை போடுங்கள். விரிசலின் கூர்முனையில் குவியும் அழுத்தம் துளையின் வட்டத்தில் பரவிவிடுவதால் விரிசல் மேலும் ஓடாது. இந்தத் துளையைப் போடாமல் ஒட்டியவை ஒட்டிய இடத்துக்கு அப்பால் விரிந்துகொண்டு போவதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

பிறகு உட்பக்கத்தில் விரிசல் நெடுக, பேனலின் பாதித் தடிமன் வரை வி வடிவப் பள்ளம் சீவுங்கள். வெளிப்பக்கத்தில் டேப் ஒட்டி விளிம்புகளைச் சமமாக நிறுத்துங்கள். ஒட்டுக் குழம்பை முந்தின நாளே தயாரிக்க வேண்டும். வேறொரு உடைந்த ஏபிஎஸ் பேனலின் சீவல்களைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி, இறுக மூடி இரவு முழுவதும் வைத்தால் காலையில் தேன் பதத்துக்கு வந்திருக்கும். சீவலில் பெயிண்ட் இருக்கக் கூடாது. பள்ளத்தின் இரு விளிம்புகளிலும் முதலில் வெறும் அசிட்டோனைத் தூரிகையால் தடவி இளக்கி, உடனே குழம்பை மெல்லிய படலமாக இடுங்கள். அரை மணி நேரம் விட்டு அடுத்த படலம். ஒரேயடியாகத் தடிமனாக ஊற்றினால் மேலே தோல் கட்டி, உள்ளே அசிட்டோன் சிக்கிக் குமிழி விழும்.

கடைசிப் படலம் ஈரமாக இருக்கும்போதே துருப்பிடிக்காத ஸ்டீல் கொசுவலையில் இரண்டு விரல் அகலத் துண்டை உட்பக்கம் பதித்து, அதன் மேலும் குழம்பு பூசுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். தடித்த இடமாக இருந்தால் இரண்டு நாள். அசிட்டோன் முழுவதும் வெளியேறும்வரை அந்த இடம் மென்மையாகத்தான் இருக்கும். அவசரப்பட்டு மாட்டினால் அங்கேயே கோணிப்போகும்.

“அசிட்டோனுக்கு எங்கே போவது? நெயில் பாலிஷ் அகற்றும் திரவம் ஆகாதா?”

பெரிய பெயிண்ட் கடைகளிலும் ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடைகளிலும் கேளுங்கள். ஃபைபர் வேலை செய்கிறவர்கள் தூரிகை கழுவுவதற்காக வைத்திருப்பார்கள். நெயில் பாலிஷ் அகற்றியில் தண்ணீரும் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், சிலவற்றில் அசிட்டோனே இருக்காது. அது வேண்டாம்.

அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி சுழியத்துக்குக் கீழே உள்ள குளிரிலும் பற்றக்கூடியது என்றால் நம் ஊர் வெயிலில் எப்படி என்று எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள், அடுப்பு எரியும் இடத்துக்குப் பக்கத்தில், விளக்கேற்றிய பூஜையறைக்கு அருகில் திறக்க வேண்டாம். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம், குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

“பம்புசெட் குழாய் ஒட்டும் சொலூஷன் வீட்டில் இருக்கிறது. அதையே போட்டால் என்ன?”

டெல்டாவில் வயலும் மோட்டாரும் வைத்திருக்கும் வீடுகளில் இந்த டப்பா இருக்கும், அதனால் கேட்காத ஆளே இல்லை. அது பிவிசி குழாய்க்கானது. அதிலுள்ள கரைப்பான்கள் ஏபிஎஸ்ஸையும் இளக்கும், ஆகவே ஒட்டுகிற மாதிரி இருக்கும், ஓரளவு ஒட்டவும் செய்யும். ஆனால் காய்ந்தபின் நடுவில் எஞ்சுவது பிவிசி. ஏபிஎஸ்ஸுக்கு நடுவே வேறொரு பிளாஸ்டிக் படலம் நிற்பதால், ஏபிஎஸ் குழம்பு தரும் வலு கிடைக்காது. வழியில் உடைந்து வீடு வந்து சேர வேண்டிய நிலையில் போட்டுக்கொள்ளலாம். பிறகு அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சரியான வேலையைச் செய்ய முடியும் என்பதை நினைவில் வையுங்கள். பிபி பாகத்தில் இதுவும் வீண்.

“சைடு பேனலின் லாக் உடைந்து எங்கேயோ விழுந்துவிட்டது. புதுப் பேனல்தான் வாங்க வேண்டுமா?”

வேண்டாம். பேனல் முழுவதும் நன்றாக இருக்க, அதை ரப்பர் புஷ்ஷில் பிடித்து நிறுத்தும், சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு லாக்குக்காகப் புதிது வாங்குவது எனக்கு மனம் ஒப்பாத செலவு. எதிர்ப்பக்கப் பேனலிலோ அதே மாதிரி வண்டியிலோ லாக்கின் நீளத்தையும் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். பட்டறைக் குப்பையில் கிடக்கும் உடைந்த ஏபிஎஸ் பேனலிலிருந்து அதே தடிமனுள்ள லாக்கை, அடியில் கொஞ்சம் தட்டைப் பகுதியோடு சேர்த்து வெட்டி எடுங்கள். அந்தத் தட்டைப் பகுதிதான் அதற்கு வேர். நுனியை மட்டும் ஒட்டினால் முதல் முறை கழற்றும்போதே கையோடு வந்துவிடும். பேனலின் உட்பக்கத்தைச் சுரண்டி, முன்பு சொன்ன குழம்பால் ஒட்டி, வேரைச் சுற்றி வலைத் துண்டும் குழம்பும் வைத்துக் கரை கட்டுங்கள்.

ஒட்டும்போது பேனலை வண்டியில் பொருத்திப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்வது மிக அவசியம். 2 மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் லாக் ரப்பர் புஷ்ஷுக்குள் கோணலாக நுழைந்து, எந்நேரமும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். கழற்றும்போது லாக் உடையாமலிருக்க வழி: புஷ்ஷில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, லாக் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே பிடித்து நேராக இழுங்கள். மூலையைப் பிடித்து நெம்புவதால்தான் பெரும்பாலான லாக்குகள் போகின்றன.

“சால்டரிங் அயர்ன் வைத்து உருக்கி ஒட்டினால் சீக்கிரம் முடியுமே?”

முடியும், நன்றாகவும் இருக்கும், கை பழகியிருந்தால். 25 வாட் அயர்ன் போதும். உட்பக்கம் மட்டும் உருக்க வேண்டும். விளிம்புகளைக் குறுக்காகச் சிறு சிறு தையல் போல உருக்கி இணைத்து, ஸ்டீல் வலையை மேலே வைத்து அழுத்தினால் வலை பிளாஸ்டிக்குக்குள் அமிழ்ந்துவிடும். மேலே அதே வகைப் பிளாஸ்டிக் கீற்றை உருக்கி மூடுங்கள். ஏபிஎஸ்ஸுக்கு ஏபிஎஸ் கீற்று, பிபிக்கு பிபி கீற்று, மாற்றிப் போட்டால் சேராது. பழுப்பு நிறமானாலோ புகை எழுந்தாலோ பிளாஸ்டிக் கருகுகிறது, வலு போய்விட்டது என்று பொருள்.

பாகத்தை வண்டியில் வைத்தே உருக்காதீர்கள், மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. அசிட்டோன் குழம்பு பூசி ஈரம் காயாத இடத்திலும் அயர்ன் வைக்காதீர்கள். ஏபிஎஸ் உருகும்போது வரும் புகையில் மூச்சுக்குக் கெடுதலான ஸ்டைரீன் இருக்கும், ஆகவே வேலை திறந்தவெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி.

“பின் மட்கார்டு கிழிந்து தொங்குகிறது. எதைப் போட்டாலும் ஒட்ட மாட்டேன் என்கிறது.”

ஒட்டாது, அது பிபி. முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள். இதற்குத் தையல்தான் நல்ல வழி. கிழிசலின் முனையில் துளை, பிறகு கிழிசலின் இரு பக்கமும் அரை சென்டிமீட்டர் தள்ளி ஜோடி ஜோடியாகத் துளைகள், அவற்றில் துருப்பிடிக்காத மெல்லிய ஸ்டீல் கம்பியைக் கோத்து உட்பக்கம் முறுக்குங்கள். கம்பியின் மேலேயே பழைய பிபி மட்கார்டின் கீற்றை உருக்கி மூடினால் பல காலம் தாங்கும். உருக்கத் தெரியாவிட்டால் தையல் மட்டும் போதும். அழகாக இருக்காது, ஆனால் பிரியாது.

நம் பகுதியில் மட்கார்டு கிழிவதற்குப் பெரிய காரணம் களிமண். சம்பா நடவு நேரத்தில் வாய்க்கால் கரையிலும் வயல் பாதையிலும் போய்வந்தால், ஈரக் களி சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொள்ளும். ஒரு இரவு காய்ந்தால் செங்கல் கெட்டி. காலையில் அப்படியே வண்டியை எடுத்தால் சக்கரம் அந்தக் கட்டியை இழுக்க, மட்கார்டு போல்ட் இருக்கும் இடத்தில் கிழிகிறது. வயலிலிருந்து வந்ததும் மோட்டார் தண்ணீரிலேயே அடித்துக் கழுவிவிடுங்கள்.

“தெருவில் குடம், பக்கெட் ஒட்டுகிறவர் வருகிறாரே, அவரிடம் கொடுக்கலாமா?”

மட்கார்டு, பேட்டரிப் பெட்டி போன்றவற்றைக் கொடுக்கலாம். சூடான இரும்பால் உருக்கி இணைக்கும் கை அவருக்கு நன்றாகப் பழகியிருக்கும். ஆனால் பழைய குடத்தின் துண்டை வைத்து ஒட்ட விடாதீர்கள். குடம் பெரும்பாலும் பாலிஎத்திலீன், அது பிபியோடு சரியாகக் கலக்காது. உங்கள் பழைய மட்கார்டின் துண்டையே கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஏபிஎஸ் பேனலை அவரிடம் கொடுக்க வேண்டாம், வெளிப்பக்கம் உருகிச் சுருங்கிவிடும்.

“டூமில் ஒரு துண்டே காணவில்லை. நாகப்பட்டினத்தில் படகுக்குப் போடும் ரெசினும் மேட்டும் வாங்கிப் போடலாமா?”

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது கைக்கு எட்டும் பொருள். ஃபைபர் படகு வேலை நடக்கும் இடங்களில் கண்ணாடி இழை மேட்டும் ரெசினும் கிடைக்கும். மேட் மிக நல்லது, தாராளமாக வாங்குங்கள். ரெசின்தான் யோசிக்க வேண்டியது. படகுக்குப் பயன்படுவது பொதுவாக பாலியெஸ்டர் ரெசின், அதில் ஸ்டைரீன் இருக்கிறது. மெல்லிய ஏபிஎஸ்ஸை அது இளக்கி வளைத்துவிடக்கூடும். அதற்குப் பதில் எபாக்ஸி வாங்குங்கள். அரால்டைட் போன்ற இரு குழாய் எபாக்ஸியில் மெதுவாக இறுகும் வகை நல்லது. 80 எண் எமரி பேப்பரால் உட்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, வெளிப்பக்கம் டேப்பால் வளைவை அமைத்து, உட்பக்கம் எபாக்ஸியில் நனைத்த மேட் இரண்டு அடுக்கு. இறுகியபின் வெளியில் பட்டி போட்டுத் தேய்க்கலாம்.

படகு ரெசினையே பயன்படுத்துவதானால் ஓர் எச்சரிக்கை. அதை இறுக வைக்க அதோடு தரும் ஹார்ட்னர் ஒரு பெராக்சைடு, கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வையைக் கெடுக்கும். நீல ஊதா நிறக் கோபால்ட் திரவத்தையும் ஹார்ட்னரையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர். மேட்டைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம், கண்ணாடித் தூள் நுரையீரலுக்குப் போகக் கூடாது.

“ஒட்டிய இடம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்திலேயே மறுபடி உடைகிறது. வேலை சரியில்லையா?”

ஒட்டு நின்று பக்கம் உடைந்தால் ஒட்டு வேலை சரி. உடைய வைத்த காரணம் இன்னும் வண்டியில் இருக்கிறது. பேனல் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் புஷ்ஷும் அதன் நடுவே ஒரு சிறு இரும்புக் காலரும் இருக்க வேண்டும். போல்ட் காலரை இறுக்கும், பேனல் ரப்பரில் மிதந்துகொண்டிருக்கும். எப்போதோ சர்வீஸில் காலர் தொலைந்து, வெறும் போல்ட்டும் வாஷரும் மாட்டியிருந்தால், பிளாஸ்டிக் நேரடியாக நசுங்கி, ஒவ்வொரு அதிர்வையும் தானே வாங்குகிறது. இந்த இரண்டு பாகங்களும் மிக மலிவு. டூமுக்கும் இதுவே பொருந்தும். டூம் அடிக்கடி உடைகிறதென்றால் ஹெட்லைட் தாங்கி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள், ஒருமுறை விழுந்த வண்டியில் பெரும்பாலும் வளைந்திருக்கும்.

இரண்டாவது காரணம் பாரம். நெல் மூட்டை, புல்கட்டு, பால் கேன் இவற்றைக் கட்டும் கயிறு பேனலின் மேல் ஓடினால், மேடு பள்ளத்தில் மூட்டை குதிக்கும்போதெல்லாம் கயிறு பேனலை உள்ளே அழுத்தும். கயிற்றைச் சேஸிஸ் கம்பியிலோ சாரிகார்டிலோ கட்டுங்கள். பேனலின் மேல் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் அடியில் பழைய டியூப் துண்டு வையுங்கள்.

“உடையவில்லை, ஆனால் வளைந்து வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது.”

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது மரத்தடியிலும் கொட்டகையிலும் அமுங்கிய வண்டிகளில் இதை நிறையப் பார்க்க முடிந்தது. அதிகம் வளைந்த இடத்தில் பிளாஸ்டிக்குக்குள் நுண்ணிய இடைவெளிகள் உண்டாவதால் வெளுக்கிறது. கொதித்து இறக்கிய வெந்நீரை மெதுவாக ஊற்றி, துணி சுற்றிய கையால் பழைய வடிவத்துக்குத் தள்ளி, ஆறும்வரை பிடித்திருங்கள். கறுப்பு பிபியில் வெண்மை ஓரளவு மறையும். பெயிண்ட் அடித்த ஏபிஎஸ்ஸில் பெயிண்ட் விரிந்திருந்தால் திரும்ப அடிக்கத்தான் வேண்டும். வெளுத்த இடம் பலம் குறைந்த இடம், உட்பக்கம் ஒரு வலைத் துண்டு பதித்துவிடுவது நல்லது.

“வெயிலில் நிறுத்துவதால்தான் பிளாஸ்டிக் நொறுங்குகிறது என்கிறார்களே, உண்மையா?”

உண்மை. ஏபிஎஸ்ஸுக்கு நெளிவைத் தருவது அதிலுள்ள ரப்பர் தன்மையுள்ள பகுதி. புற ஊதாக் கதிர் முதலில் அதைத்தான் அழிக்கிறது. பெயிண்ட் இருக்கும்வரை பாதுகாப்பு, உரிந்த இடத்திலிருந்து சேதம் தொடங்கும். வெயிலில் வெளுத்து, தேய்த்தால் வெண்தூள் வரும் பேனலை ஒட்டுவதில் பயனில்லை, விளிம்பே பொடிகிறது. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றால் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் உள்ளிருக்கும் போல்ட்டும் கிளிப்பும் துருவேறி உப்பி, துளையைப் பிளக்கின்றன. அங்கே துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட் போடுங்கள்.

“பேனலைத் துடைக்க டீசல், தேங்காய் எண்ணெய் எல்லாம் போடுகிறோம். தப்பா?”

தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும். டீசலும் பெட்ரோலும் வேண்டாம். இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில், அதாவது போல்ட் துளையைச் சுற்றி, அவை நுண்விரிசலை உண்டாக்கும். டிஸ்க் பிரேக் திரவம் அதைவிடக் கொடியது, பெயிண்ட்டை உரித்துவிடும். சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். போல்ட் தளராமலிருக்கத் தடவும் திரவத்தையும் பிளாஸ்டிக் பாகங்களில் போடாதீர்கள், அது ஏபிஎஸ்ஸையும் பாலிகார்பனேட்டையும் விரிசல் விட வைக்கும்.

வயலுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈசி (EC) என்று குறியிட்ட பூச்சிமருந்துகள் கரைப்பானில் கரைத்தவை. பாட்டில் மூடி கசிந்து பேனலில் வழிந்தால் அது ஏபிஎஸ்ஸை அரிக்கும். மருந்துப் பாட்டிலைப் பேனலின் மேல் தொங்கவிட்டுக் கொண்டுபோகாதீர்கள்.

“ஐப்பசி மழையில் ஒட்டி, பெயிண்ட் அடிக்கலாமா?”

ஒட்டலாம், காய்வதற்குக் கூடுதல் நாள் கொடுங்கள். அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். ஒட்டு வெளுத்துத் தெரிந்தால் அதுதான் காரணம். பெயிண்ட் வேண்டாம். அதே ஈரம் பளபளப்பைக் கெடுத்து வெண்படலம் விழ வைக்கும். தை பிறக்கட்டும். அதுவரை பிரைமர் மட்டும் அடித்துக்கூட ஓட்டாதீர்கள், பிரைமர் ஈரத்தை உறிஞ்சும்.

“ஒட்டிய கோடு தெரியாமல் பெயிண்ட் அடிக்க முடியுமா?”

முடியும். 240, 400, 800 என்று எமரி பேப்பரைப் படிப்படியாக மாற்றித் தேய்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குழம்பு காய்ந்தபின்னும் சில வாரம் மெல்லச் சுருங்கும், உடனே அடித்தால் கோடு பிறகு பள்ளமாக எழுந்துவரும். பொறுத்து அடியுங்கள். பிபி மேல் அடிப்பதானால் பிளாஸ்டிக்குக்கான தனிப் பிரைமர் முதலில் வேண்டும், இல்லையெனில் தோலாக உரியும். ஹார்ட்னர் கலக்கும் பெயிண்டுகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பது போதாது, உரிய வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும்.

“ஏர் ஃபில்டர் பெட்டியை எலி கடித்துவிட்டது. டேப் சுற்றி ஓட்டலாமா?”

கூடாது. மற்ற பாகங்களில் ஓட்டை என்றால் பார்வைக்குத்தான் கெடுதல். இங்கே ஓட்டை என்றால் வடிகட்டாத தூசி நேராக இன்ஜினுக்குள் போகும். அறுவடைக் காலத்தில் சாலையெல்லாம் நெல் காயவைக்கும் நாட்களில் அந்தத் தூசி சிலிண்டரைத் தேய்த்துவிடும். கடித்தது வெளிமூடி என்றால் பிபி கீற்றை உருக்கி மூடலாம். ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள பகுதி என்றால் புதிதுதான்.

“ஹெட்லைட் கண்ணாடியில் விரிசல், மஞ்சளாகவும் ஆகிவிட்டது.”

மஞ்சளைப் போக்கலாம். 800, 1500, 2000 எண் தாள்களால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் செய்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிவுப் பூச்சு அடிக்க வேண்டும். பூச்சு இல்லாமல் விட்டால் சில மாதத்தில் திரும்ப மஞ்சளாகும். விரிசல் என்றால் மாற்றுங்கள். தண்ணீர் இறங்கும், எதிரே வருகிறவர் கண்ணில் ஒளி சிதறும்.

“எதை ஒட்டவே கூடாது என்று நினைக்கிறீர்கள்?”

ஹெல்மெட். ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒட்டாதீர்கள். அசிட்டோன், தின்னர், பசை எதுவும் அதன் மேல் படக் கூடாது, உள்ளிருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு கரைந்துவிடும். அந்த அடுக்குதான் அடியை வாங்குவது, அதுவும் ஒருமுறைதான். ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 4151 முத்திரையுள்ள புதியதை வாங்குங்கள். ஆக்ஸிலேட்டர் கம்பி நுழையும் சுவிட்ச் பெட்டி, பிரேக் திரவக் குப்பி, மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி உறை ஆகியவற்றையும் நான் தொடுவதில்லை. எத்தனை கெஞ்சினாலும் இதே பதில்தான்.

“இன்சூரன்ஸில் புதுப் பேனல் வாங்கிவிடலாமே, ஏன் ஒட்ட வேண்டும்?”

முதலில் உங்களிடம் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு இருக்கிறதா பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் உங்கள் பேனலுக்கு ஒன்றும் கிடைக்காது. சொந்தச் சேதம் இருந்தாலும், தேய்மானம் கழிக்காத கூடுதல் திட்டம் எடுக்காவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு 50 சதவீதம் கழித்துத்தான் தருவார்கள். இழப்பீடு கோராத ஓராண்டுக்கு 20 சதவீதம் தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் வரை சேரும் தள்ளுபடியும் போய்விடும். ஒரு சைடு பேனலுக்கு அது கட்டுப்படியாகாது. டூம், மீட்டர், ஃபோர்க் எல்லாம் சேர்ந்து போன விபத்து என்றால் கோருங்கள், அப்போது ஆய்வாளர் பார்க்கும்வரை எதையும் ஒட்டாதீர்கள்.

“பழைய வண்டி வாங்கப் போகிறேன். ஒட்டு வேலை நடந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?”

சைடு பேனலைக் கழற்றித் தரச் சொல்லி உட்பக்கத்தைப் பாருங்கள். வெளியே எவ்வளவு தேய்த்து மறைத்தாலும் உட்பக்கத்தை யாரும் தேய்ப்பதில்லை. வலையும் குழம்பும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நன்றாகச் செய்த ஒட்டு குறையல்ல. இரண்டு பக்கப் பேனல்களிலும் அச்செழுத்து இருக்கிறதா, ஒன்றில் மட்டும் இல்லையா என்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் டூப்ளிகேட் என்றால் வண்டி அந்தப் பக்கம் விழுந்திருக்கலாம். அப்போது அதே பக்கத்து ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார் முனை, கிராஷ்கார்டு ஆகியவற்றின் தேய்மானத்தையும், ஹேண்டிலை நேராக வைத்தால் முன் சக்கரம் நேராக நிற்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.